*குனிங்கஸ்: மீட்டுருவாக்கச் சொல் ஒன்றின் வடிவ உறுதியும் பொருள் ஐயமும்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தில் 'கிங்', டச்சு மொழியில் 'கோனிங்', ஜெர்மன் மொழியில் 'க்யோனிக்' என அரசனைக் குறித்து வழங்கும் சொற்களுக்கு மூலமாக *குனிங்கஸ் என்னும் தொல் ஜெர்மானிய வடிவத்தை மொழியியலார் மீட்டுருவாக்கியுள்ளனர். இச்சொல்லின் பிறப்பு, அதன் வழித்தோன்றல்கள், அயல்மொழிகளில் அது புகுந்த வகை ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இச்சொல்லின் வடிவம் ஏறக்குறைய ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது. ஆயினும் அதன் முதற்பொருள் அதே அளவு உறுதி உடையதன்று. வடிவத்திற்குக் கிடைத்த உறுதியைப் பொருளுக்கும் ஏற்றிக் கூறும் போக்கு பழைய விளக்கங்களில் மட்டுமன்றிப் புதிய விளக்கங்களிலும் காணப்படுகிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: மீட்டுருவாக்கம், தொல் ஜெர்மானியம், கடன்சொல், சொற்பிறப்பியல், ஒலிமாற்ற விதி, அரசன்.

முன்னுரை

எழுத்துச் சான்று இல்லாத ஒரு மொழியின் சொல்லை, அதன் வழிமொழிகளைக் கொண்டு உய்த்துணர்ந்து அமைப்பதே மீட்டுருவாக்கம். அவ்வாறு அமைத்த வடிவத்தின் முன் உடுக்குறி இடும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. அதனை நிலைபெறச் செய்தவர்களுள் ஆகஸ்ட் ஷ்லைகர் முதன்மையானவர். அக்குறி, அவ்வடிவம் எந்த ஏட்டிலும் கல்லிலும் கண்டதன்று என்பதை அறிவிக்கும் ஒப்புதலாகும்.

*குனிங்கஸ் என்பதும் அத்தகைய வடிவமே. இதன் ஈற்றிலுள்ள ஒலி குரலுடைய உரசொலி. தமிழில் அதற்குத் தனி எழுத்தின்மையால் இங்கு ஸகரமாக எழுதப்படுகிறது. இடையிலுள்ள 'ங்க' தமிழில் 'தங்கம்' என்பதில் ஒலிப்பதுபோல் குரலொலியாகவே கொள்ளத்தக்கது. பிறமொழிச் சொற்கள் அனைத்தும் இக்கட்டுரையில் ஒலிப்பை ஒட்டித் தமிழ் எழுத்தில் தரப்படுகின்றன.

1. இனமொழிகளில் வழித்தோன்றல்கள்

இச்சொல் மேற்கு ஜெர்மானிய மொழிகளிலும் வடக்கு ஜெர்மானிய மொழிகளிலும் பரவலாகக் கிடைக்கிறது. பழைய சாக்சனிலும் பழைய உயர் ஜெர்மனிலும் 'குனிங்' என்றும், பழைய ஆங்கிலத்தில் 'க்யுனிங்' என்றும், பழைய நார்ஸ் மொழியில் 'கொனுங்ர்' என்றும் வழங்கியது. இன்றைய ஐஸ்லாந்திய மொழியில் 'கோனுங்குர்', டேனிய மொழியில் 'கோங்க' எனத் தொடர்கிறது.

இவற்றிடையே காணும் வேறுபாடுகள் ஒழுங்கற்றவை அல்ல. பழைய ஆங்கிலத்தில் அடுத்த அசையிலுள்ள இகரத்தின் செல்வாக்கால் முதலசையின் உகரம் முன்னுயிராயிற்று; பின்னர் அது இதழ்குவிவை இழந்து இகரமாயிற்று. இடையசை தேய்ந்தபின் எஞ்சியதே 'கிங்'. இடைக்கால உயர் ஜெர்மனில் 'க்யுனிக்' என வழங்கிய வடிவம் இரண்டாம் மூக்கொலியை இழந்துள்ளது. ஒரே சொல்லில் இரு மூக்கொலிகள் அடுத்தடுத்து வருங்கால் ஒன்று நீங்குதல் அம்மொழியில் பிற சொற்களிலும் உண்டு. நாணயப் பெயரான 'ப்ஃபெனிங்', 'ப்ஃபெனிக்' ஆனதும் அவ்வாறே.

நார்ஸ் வடிவத்தில் 'இங்' என்பதற்கு ஈடாக 'உங்' வருகிறது. இவ்விரு பின்னொட்டுகளும் ஜெர்மானிய மொழிகளில் மாறி மாறி வழங்கியவை. டென்மார்க்கில் யெல்லிங் என்னுமிடத்திலுள்ள 10ஆம் நூற்றாண்டு ரூனிக் கல்வெட்டுகளில் கோர்ம், ஹரால்ட் ஆகிய அரசர்களின் பெயரையடுத்து இச்சொல் 'குனுக்ர்' எனப் பொறிக்கப்பட்டுள்ளது. ரூனிக் எழுத்துமுறையில் மூக்கொலி பலவேளை எழுதாமல் விடப்படும். ஈற்றிலுள்ள ரகரம், தொல் ஜெர்மானியக் குரலுடைய உரசொலியின் தொடர்ச்சி ஆகும். மேற்கு மொழிகளில் இவ்வீறு முற்றிலும் உதிர்ந்தது. வடக்கே ரகரமாய் நின்றது.

2. அயல்மொழிகள் காத்த வடிவம்

இனமொழிகளை மட்டும் கொண்டு நோக்கின், ஈற்றசையின் உயிர் எது என்பதற்கு இச்சொல்லில் நேர்ச்சான்று இல்லை. அச்சான்றை அளிப்பவை ஜெர்மானியக் குடும்பத்தைச் சாராத மொழிகள். ஃபின்னிய மொழியிலும் எஸ்தோனிய மொழியிலும் அரசனுக்குரிய சொல் 'குனிங்கஸ்' என்பதாகும். இவை உராலியக் குடும்பத்தைச் சார்ந்தவை. ஜெர்மானிய மொழிகளோடு பிறப்புறவு அற்றவை. அண்டையில் வாழ்ந்தோர் கடனாகப் பெற்ற சொல், பெற்ற காலத்து வடிவிலேயே ஏறத்தாழ உறைந்து நிற்கிறது.

இது தனித்த நிகழ்வன்று. 'மோதிரம், வளையம்' என்னும் பொருளுடைய ஃபின்னியச் சொல் 'ரெங்கஸ்' என்பதாகும். ஆங்கிலத்தின் 'ரிங்' இழந்துவிட்ட ஈற்றசையையும் எகரத்தையும் அது காத்துள்ளது. 'இளவரசன்' எனப் பொருள்படும் 'ருஹ்தினஸ்', படைக்குழுத் தலைவனைக் குறித்த *த்ருஹ்தினஸ் என்பதிலிருந்து வந்தது. ஒரே ஈறு பல சொற்களில் ஒரே முறையில் அமைந்திருப்பதால் இது தற்செயல் என ஒதுக்கத்தக்கதன்று. டென்மார்க்கு அறிஞர் வில்ஹெல்ம் தாம்சென் 1869இல் ஃபின்னிய மொழிகளில் ஜெர்மானிய மொழிகளின் செல்வாக்கினை ஆராய்ந்து வெளியிட்ட நூல் இத்துறைக்கு அடித்தளமிட்டது.

ஃபின்னியச் சான்றின் மதிப்பு மற்றொரு வகையிலும் உயர்ந்தது. அம்மொழி, தமிழைப் போலவே, ஒற்றை னகரத்தையும் இரட்டை னகரத்தையும் பொருள் வேறுபடுத்தும் ஒலிகளாகக் கொண்டது. 'கனி', 'கன்னி' என்பவற்றைப் பிரித்தறியும் தமிழ்ச்செவிக்கு இதன் இன்றியமையாமை எளிதில் விளங்கும். ஃபின்னியர் இச்சொல்லை ஒற்றை னகரத்தோடு பெற்றனர். இச்சிறு செய்தி பின்வரும் விவாதத்தில் முதன்மை பெறுகிறது.

3. பகுதியும் பின்னொட்டும்

*குனிங்கஸ் என்பது *குன்ய- என்னும் பகுதியும் *-இங்கஸ் என்னும் பின்னொட்டும் சேர்ந்தது என்பது பெரும்பான்மையோர் கொள்கை. முன்னது குலம், உறவு, இனம் எனப் பொருள்படும். கோதிக்கில் 'குனி' என்றும், பழைய நார்ஸில் 'க்யுன்' என்றும், இன்றைய ஆங்கிலத்தில் உறவினரைக் குறிக்கும் 'கின்' என்றும் அது வழங்குகிறது. பின்னது வழித்தோன்றலை அல்லது சார்புடையவனைக் குறிக்கும். மெரோவெக் என்பானின் வழிவந்தோர் மெரோவிங்கியர் எனப்பட்டதும், உயர்குடிப் பிறந்தானைப் பழைய ஆங்கிலம் 'எதெலிங்' என்றதும் இப்பின்னொட்டின் இயல்பைக் காட்டும்.

குலத்தைக் குறிக்கும் பகுதி இந்தோ ஐரோப்பிய மூலமொழியில் 'பிறப்பித்தல்' எனப் பொருள்படும் *கென்- என்னும் வேரினின்று தோன்றியது. அவ்வேரின் முதலொலி அண்ணச்சாயல் பெற்ற குரலுடைய வெடிப்பொலி. 1822இல் ஜேக்கப் கிரிம் வகுத்த ஒலிமாற்ற விதிப்படி மூலமொழியின் குரலுடைய வெடிப்பொலிகள் ஜெர்மானியத்தில் குரலிலா வெடிப்பொலிகளாயின. ஆதலின் இலத்தீனின் 'கெனுஸ்', 'கென்ஸ்', கிரேக்கத்தின் 'கெனோஸ்' ஆகியவற்றில் குரலொலியாய் நிற்பது ஜெர்மானியத்தில் குரலிலா ஒலியாய் நிற்கிறது. வடமொழியில் அதே ஒலி ஜகரமாயிற்று. 'ஜன', 'ஜாதி', 'ஜன்ம' என்பன அவ்வேரின் கிளைகளே.

4. 'வல்லவன்' என்னும் விளக்கம்

இச்சொல்லுக்கு வேறொரு விளக்கம் 19ஆம் நூற்றாண்டில் பெரும் செல்வாக்குப் பெற்றது. 1840இல் ஆற்றிய உரைகளைத் தொகுத்து 1841இல் வெளியிட்ட வீரர் வழிபாடு பற்றிய நூலில் தாமஸ் கார்லைல், 'கிங்' என்பதை 'இயலும், வல்லான்' எனப் பொருள்படும் 'கேன்' என்னும் வினையோடு இணைத்தார். அரசன் என்பவன் ஆற்றலுடையோன். ஆற்றலுடையோனைக் கண்டு அவன்கீழ் நிற்பதே ஒரு சமுதாயத்தின் கடமை என்பது அவர் கோட்பாடு. சொற்பிறப்பு அக்கோட்பாட்டிற்குச் சான்றாக நிறுத்தப்பட்டது.

இவ்விளக்கம் மூன்று இடங்களில் தடைபடுகிறது. முதலாவது, 'இயலும்' என்னும் வினை கோதிக்கில் 'குன்னன்' என இரட்டை னகரத்தோடு வழங்குவது. *குனிங்கஸ் ஒற்றை னகரம் உடையது. ஃபின்னியக் கடன்சொல் இதனை ஐயமற உறுதிசெய்கிறது. இரண்டாவது, அவ்வினையின் வேர் 'அறிதல்' எனப் பொருள்படும் வேறொரு மூலவேர். பிறப்பித்தல் வேரோடு அதற்குத் தொடர்பில்லை. மூன்றாவது, ஆளைக் குறிக்கும் *-இங்கஸ் பெயர்ச்சொற்களோடும் பெயரடைகளோடும் சேரும் இயல்பினது; வினையடியோடு சேர்ந்து 'செய்பவன்' என்னும் பொருள் தருவது அதன் வழக்கமன்று.

கார்லைலின் விளக்கம் முதல் தவறான விளக்கமும் அன்று. 14ஆம் நூற்றாண்டு ஏட்டில் கிடைக்கும் 'ரிக்ஸ்துலா' என்னும் நார்ஸ் பாடலில், ஆண்டகை ஒருவனின் கடைசி மகனுக்குக் கொன் எனப் பெயரிடப்படுகிறது. 'இளைய கொன்' என்னும் பொருளில் 'கொன்ர் உங்ர்' எனச் சேர்த்துச் சொல்லும்போது அரசனைக் குறிக்கும் 'கொனுங்ர்' என்னும் சொல் ஒலிக்கிறது. இது நாட்டார் சொற்பிறப்பு. எனினும் இதில் ஒரு வரலாற்றுச் செய்தி உண்டு. 'உயர்குடியினன்' எனப் பொருள்படும் 'கொன்ர்' என்னும் நார்ஸ் சொல், *குன்ய- என்பதன் உறவுடையதே. ஆகப் பாடலாசிரியர் பின்னொட்டில் தவறினும் பகுதியில் தவறவில்லை. கார்லைல் பகுதியிலேயே தவறினார்.

5. குலத்தில் பிறந்தவனா, குலத்தின் தலைவனா?

கார்லைலை மறுத்தல் எளிது. அவரை மறுத்தபின் எஞ்சும் விளக்கங்களை மதிப்பிடுதலே கடினம். 'குலத்தின் வழித்தோன்றல்' என்பது ஒன்று. 'குலத்தின் தலைவன், அதன் உருவாக நிற்பவன்' என்பது மற்றொன்று. 'உயர்பிறப்பாளன் ஒருவனின் மகன்' என்பது மூன்றாவது.

இரண்டாம் விளக்கத்திற்கு ஆதரவாகக் கோதிக் மொழியின் 'தியுதன்ஸ்' காட்டப்படும். 'மக்கள்' எனப் பொருள்படும் 'தியுதா' என்பதினின்று பிறந்து 'அரசன்' எனப் பொருள்படுவது அது. படைக்குழுவினின்று *த்ருஹ்தினஸ் பிறந்ததும், இலத்தீனில் 'வீடு' எனப் பொருள்படும் 'தோமுஸ்' என்பதினின்று 'தோமினுஸ்' பிறந்ததும் அவ்வகையே. எனினும் இவ்வொப்புமை கூர்ந்து நோக்கத்தக்கது. மேற்கண்ட மூன்று சொற்களிலும் உள்ள பின்னொட்டு னகரப் பின்னொட்டு. குழுவிற்குத் தலைமை தாங்குவோனைக் குறிப்பது அது. *குனிங்கஸ் அப்பின்னொட்டைக் கொள்ளவில்லை. தலைமையைக் குறிக்க மொழியில் ஒரு வாய்பாடு வழக்கிலிருந்தும், இச்சொல் வழித்தோன்றலைக் குறிக்கும் வாய்பாட்டையே கொண்டது. ஆதலின் பிறப்பைச் சுட்டும் விளக்கங்களே வடிவத்திற்கு இசைவானவை.

இவ்விடத்தில் கி.பி. 98இல் டாசிட்டஸ் எழுதிய 'ஜெர்மானியா' துணைக்கு அழைக்கப்படுவது வழக்கம். ஜெர்மானியர் தம் அரசர்களைக் குடிச்சிறப்பு நோக்கியும் படைத்தலைவர்களை வீரம் நோக்கியும் தேர்ந்தெடுப்பர் என்பது அந்நூலின் ஏழாம் இயலில் காணும் கருத்து. குடிப்பிறப்பு அரசனுக்குரியது எனின், சொற்பிறப்பும் வரலாறும் ஒன்றையொன்று உறுதிசெய்கின்றன எனத் தோன்றும்.

ஆயின் டாசிட்டஸ் ஆண்டது இலத்தீனின் 'ரெக்ஸ்' என்னும் சொல். அதற்குப் பின்னால் நின்ற ஜெர்மானியச் சொல் *குனிங்கஸ்தானா, 'தியுதன்ஸ்' என்பதன் முன்வடிவமா, வேறொன்றா என்பதை அவர் நூல் உணர்த்தவில்லை. சொல்லின் பொருளை டாசிட்டஸைக் கொண்டு நிறுவி, பின் அச்சொல்லைக் கொண்டு டாசிட்டஸ் கூறிய நிறுவனத்தை நிறுவுதல் வட்டவாதமாகும். கார்லைல் தம் அரசியற் கோட்பாட்டைச் சொல்லில் ஏற்றினார். பின்வந்தோர் ஒரு நூலின் செய்தியை ஏற்றினர். சான்றின் தரம் வேறு. வழுவின் இயல்பு ஒன்று.

பழைய ஆங்கிலத்தில் 'அரசுக்குரிய' என்னும் பொருளில் சொற்களின் முன் சேர்ந்துவரும் 'க்யுனெ' என்பதும் சான்றாகக் காட்டப்படும். முடியும் அரசாட்சியும் அதனாலேயே பெயர் பெற்றன. ஆனால் அம்முன்னொட்டு இப்பொருளை 'க்யுனிங்' என்னும் சொல்லின் செல்வாக்கினால் பெற்றிருக்கவும் கூடும். எனவே வடிவம் உறுதியாக உணர்த்துவது 'குலத்தைச் சார்ந்தவன்' என்பது மட்டுமே. அக்குலம் அரசகுலமா, தெய்வ வழியினதாகக் கருதப்பட்டதா, குடிகள் அனைவரையும் தழுவியதா என்பதைச் சொல் தன்னளவில் கூறவில்லை.

6. கோதிக் ஏட்டின் மௌனம்

4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா மொழிபெயர்த்த கோதிக் விவிலியத்தின் எஞ்சிய பகுதிகளில் *குனிங்கஸ் என்பதன் வழித்தோன்றல் இல்லை. கிரேக்கத்தின் 'பசிலெயுஸ்' வருமிடத்துத் 'தியுதன்ஸ்' வருகிறது. ஆட்சியாளனைக் குறிக்க 'ரிக்ஸ்' வருகிறது. பின்னது கெல்டிய மொழியினின்று ஜெர்மானியம் பெற்ற கடன்சொல். இலத்தீனின் 'ரெக்ஸ்', வடமொழியின் 'ராஜன்' ஆகியவற்றின் உறவான அச்சொல்லில் நெட்டேகாரம் நெட்டீகாரமாகியிருப்பது கெல்டிய மாற்றமே.

இதனால் *குனிங்கஸ் கிழக்கு ஜெர்மானியத்தில் இல்லை என முடிவு செய்யலாமா? எஞ்சியது ஒரு மொழிபெயர்ப்பின் பகுதி மட்டுமே. மொழிபெயர்ப்பாளர் விவிலிய அரசர்க்குத் தகுந்ததென ஒரு சொல்லைத் தேர்ந்தார் என்பதே அது தரும் செய்தி. ஆயினும் ஆட்சியாளனுக்கு மூன்று நான்கு சொற்கள் போட்டியிட்ட காலம் ஒன்று இருந்தது என்பது இதனால் பெறப்படும். அவற்றுள் ஒன்று பின்னர்ப் பிறவற்றை வென்றது. வென்ற பின் பெற்ற பெருமையை, அதன் பிறப்பிலேயே இருந்ததாகக் கொள்ளுதல் பொருந்தாது.

7. பொருளின் பயணம்

சிலாவிய மொழிகள் இச்சொல்லைப் பண்டே கடன் பெற்றன. பழைய திருச்சபைச் சிலாவியத்தின் 'குனென்ஜி' போன்ற வடிவத்தில், இகரமும் மூக்கொலியும் மூக்குயிராகவும், முன்னுயிரை அடுத்த ககரம் அண்ணவொலியாகவும் மாறியுள்ளன. ரஷ்ய மொழியில் அது 'க்ன்யாஸ்' என்றாகிச் சிற்றரசனைக் குறித்தது. செர்பியாவில் துருக்கியர் ஆட்சிக்காலத்தில் 'க்னெஸ்' ஊர்த்தலைவனுக்கும் வழங்கியது. துப்ரோவ்னிக் குடியரசில் ஆட்சித் தலைவரின் பட்டமாயிற்று. அரசனே இல்லாத நாட்டிலும் அச்சொல் நின்றது.

மேலும் வியப்புக்குரியது சமயத்துறையில் இது பெற்ற பொருள். செக் மொழியின் 'க்னெஸ்', போலிஷ் மொழியின் 'க்ஷ்யொன்ஸ்', லிதுவேனிய மொழியின் 'குனிகஸ்' ஆகிய மூன்றும் இன்று கிறித்தவக் குருவைக் குறிக்கின்றன. 'பெருமகன்' என்னும் மதிப்புச்சொல் குருவை விளிக்கப் பயன்பட்டு, பின் அவர்க்கே உரியதாயிற்று. சிற்றரசனைக் குறிக்க அம்மொழிகள் அதே சொல்லினின்று 'க்னீஜெ', 'க்ஷ்யொன்ஜெ', 'குனிகைக்ஷ்டிஸ்' எனப் புதிய வடிவங்களை ஆக்கிக்கொண்டன. கோவின் இல்லமாகிய கோயில் இறைவன் உறையுளாயதை அறிந்த தமிழாய்வாளர்க்கு அரசும் சமயமும் ஒரு சொல்லைப் பகிர்தல் புதிதன்று. லாத்விய மொழியிலோ 'குங்ஸ்' என்பது இன்று 'ஐயா', 'திரு' என்னும் பொது மரியாதைச் சொல்லாய்த் தாழ்ந்தது.

பேரரசனுக்குரிய இடத்தைச் சிலாவியர் வேறு சொல்லால் நிரப்பினர். 814இல் மறைந்த சார்லமேன் பேரரசரின் இயற்பெயரான கார்ல் என்பதே போலிஷில் 'க்ருல்', செக்கில் 'க்ரால்', ரஷ்யத்தில் 'கரோல்' என அரசனைக் குறிக்கும் பொதுச்சொல்லாயிற்று. ஒரே சொல் மன்னன், சிற்றரசன், ஊர்த்தலைவன், குரு, ஐயா என ஐவகைப் பொருள் பெற்றிருப்பது, வழித்தோன்றல்களின் பொருளைக் கூட்டி மூலப்பொருளைக் கணித்தல் எத்துணை அரிது என்பதை உணர்த்தும். ஒலிமாற்றத்திற்கு விதி உண்டு. பொருள்மாற்றத்திற்கு வழக்காறு உண்டேயன்றி விதி இல்லை.

8. கோனும் சனமும்

'கிங்', 'க்யோனிக்' ஆகிய சொற்களைக் கேட்கும் தமிழர்க்குக் 'கோன்' நினைவுக்கு வருதல் இயல்பே. ஒலியும் பொருளும் ஒருங்கே ஒத்துள்ளன. ஆயினும் இவ்வொப்புமை ஆய்வில் நிற்பதில்லை. 'கோன்' என்பதில் பகுதி 'கோ'. னகரம் ஆண்பால் ஈறு. ஜெர்மானியச் சொல்லில் னகரம் வேரின் உறுப்பு. ஜெர்மன் மொழியின் ஓகாரச் சாயல் இடைக்காலத்திற்குப் பிற்பட்ட மாற்றம்; அதற்கு முன் அங்கு இருந்தது உகரம். ஜெர்மானியத்தின் குரலிலா முதலொலியோ கிரிம் விதியால் விளைந்தது. ஒப்பிட வேண்டியவை இன்றைய வடிவங்கள் அல்ல. எட்டக்கூடிய மிகப் பழைய வடிவங்களே. பின்னோக்கிச் செல்லச் செல்ல ஒப்புமை குறைகிறது. பிறப்புறவு உடைய சொற்களிலோ, பின்னோக்கிச் செல்லும்தோறும் ஒப்புமை மிகும்.

மறுதலையாக, ஒலியால் சிறிதும் ஒவ்வாத 'சனம்' என்னும் தமிழ்வழக்குச் சொல் 'கிங்' என்பதற்கு உண்மையான உறவு. வடமொழி 'ஜன' வழியாகத் தமிழுக்கு வந்தது அது. 'சாதிசனம்' என்னும் பேச்சுவழக்குத் தொடரின் இரு பகுதிகளும் பிறப்பித்தல் வேரினின்று வந்தவை. அத்தொடர் உறவுக்கூட்டத்தைக் குறிப்பதும் *குன்ய- என்பதன் பொருளோடு இயைகிறது.

வடமொழியிலேயும் எச்சரிக்கை தேவை. 'ஜன' என்பதும் 'மனைவி' எனப் பொருள்படும் 'ஜனி' என்பதும் ஒரே வேரின எனத் தோன்றும். பின்னது வேறொரு மூலவேரினின்று வந்தது. ஆங்கிலத்தின் 'குவீன்' அதன் உறவு. 'கிங்', 'குவீன்' என ஜெர்மானியம் வேறுபடுத்திக் காத்த இரு முதலொலிகளும் வடமொழியில் ஒன்றாயின. ஒரு மொழி மறைத்ததை மற்றொரு மொழி காட்டுகிறது.

முடிவுரை

*குனிங்கஸ் என்னும் வடிவம், இனமொழிகளின் ஒழுங்கான ஒலிமாற்றங்களாலும் ஃபின்னிய, எஸ்தோனியக் கடன்சொற்களாலும் நிறுவப்பட்டது. அதன் பகுதி குலத்தைக் குறிப்பது என்பதும், 'வல்லவன்' என்னும் விளக்கம் பொருந்தாது என்பதும் தெளிவு. பின்னொட்டின் இயல்பு நோக்கின் 'தலைவன்' என்பதினும் 'வழித்தோன்றல்' என்பதே ஏற்புடையது. அதற்கு அப்பால், அக்குலம் எத்தகையது, அவ்வரசன் எவ்வாறு அரசனானான் என்பவற்றிற்குச் சொல் விடை தரவில்லை.

உடுக்குறி வடிவத்திற்கு மட்டும் இடப்படுகிறது. பொருளுக்கும் அத்தகைய குறி ஒன்று இருத்தல் வேண்டும் என்பதையே இச்சொல்லின் வரலாறு உணர்த்துகிறது. சொல்லாய்வில் ஈடுபடுவோர், எம்மொழிச் சொல்லாயினும், வடிவத்தின் சான்றையும் பொருளின் சான்றையும் தனித்தனியே நிறுத்து அளத்தல் கடன். இன்றைய தமிழகத் தெருவில் ஆங்கிலத்தின் வழி வந்த 'கிங்', வடமொழியின் வழி வந்த 'சனம்', தமிழுக்கே உரிய 'கோன்' ஆகிய மூன்றும் புழங்குகின்றன. அவற்றுள் ஒத்தொலிப்பவை அயலாகவும், ஒவ்வாதவை உறவாகவும் இருத்தலே ஒப்பியல் முறையின் தேவைக்குப் போதிய சான்றாகும்.